சந்தாப் பணமும் அமைச்சர் நாற்காலியும்

சௌமியமூர்த்தி தொண்டமானின் வாழ்விலிருந்து ஒரு படிப்பினை

“எங்களுக்கென்று ஒரு மந்திரி இருந்திருந்தால் எங்கள் காணி எப்போதோ கைக்கு வந்திருக்கும்.” நமது சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சு எழாத நாள் குறைவு. இடம்பெயர்ந்து, பிறர் நிலத்தில் கொட்டில் போட்டு, சொந்த வயல் எப்படியிருக்கிறதோ என்று ஏங்கும் ஒருவர் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் இது எவ்வளவு தூரம் உண்மை? அமைச்சர் பதவி மக்களுக்கு எதைப் பெற்றுத் தரும்? எதைப் பெற்றுத் தராது? இந்தக் கேள்விக்கு விடை தேட நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. தொழிற்சங்கத் தலைவராக இருந்து, 1978ஆம் ஆண்டில் அமைச்சராகி, 1999ஆம் ஆண்டில் இறக்கும்வரை நான்கு சனாதிபதிகளின் கீழ் அமைச்சரவையில் இருந்த சௌமியமூர்த்தி தொண்டமானின் வாழ்க்கையே அது.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. 1970களின் பஞ்சத்திலும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலும் மலையகத்தை விட்டு வந்த பல்லாயிரம் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் காடு வெட்டிக் கமக்காரர் ஆயினர். பின்னர் யுத்தம் அவர்களை மீண்டும் பெயர்த்தது. இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் சிலரின் தாத்தாவும் பாட்டியும் கொழுந்து பறித்தவர்களே.

தோட்ட முதலாளியின் மகன்

தொண்டமான் 1913ஆம் ஆண்டு ஆவணி 30ஆம் திகதி, தமிழ்நாட்டின் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள முனைப்புதூரில் பிறந்தார். அவருடைய தந்தை கருப்பையா இலங்கைக்குத் தொழிலாளியாக வந்தவர். படிப்படியாக உயர்ந்து, இறம்பொடைப் பகுதியிலுள்ள வெவண்டன் தோட்டத்தைச் சொந்தமாக வாங்கினார். மகன் 1924ஆம் ஆண்டில் இலங்கை வந்து கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் படித்தார்.

ஆகவே இவர் லயன் அறையில் பிறந்த தொழிலாளியல்லர். தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த தோட்ட முதலாளி. இதை மறைக்கவும் வேண்டியதில்லை, பெரிதாக்கவும் வேண்டியதில்லை. தம்மைவிட வசதி படைத்த ஒருவரைத் தலைவராக ஏற்கும் மக்கள் என்ன கவனத்துடன் இருக்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னர் அதற்குத் திரும்பி வருவோம்.

சங்கம் பிறந்த விதம்

1939ஆம் ஆண்டில், அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை வேலையிலிருந்து நிறுத்தும் நடவடிக்கை தொடங்கியது. அந்த வேளையில் ஜவகர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். பிரிந்து கிடந்த அமைப்புக்கள் ஒன்றுகூடி இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. மறு ஆண்டில் அதன் தொழிற்சங்கப் பிரிவு தொடங்கியது. இதுவே பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. இளைஞரான தொண்டமான் கம்பளைக் கிளையில் பொறுப்பேற்று, 1945ஆம் ஆண்டில் காங்கிரஸின் தலைவரானார்.

அக்காலத்துத் தோட்டத்தில் துரையின் சொல்லே சட்டம். சங்கம் வைப்பது உயிரோடு விளையாடுவதற்குச் சமம். 1940 தை மாதத்தில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இப்படியான காலத்தில்தான் தொழிலாளர் சங்கத்தில் பெயர் பதிந்தனர். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தலைவர், ஒரு கமிட்டி, அதற்கு மேல் மாவட்டம், அதற்கு மேல் தலைமைப் பணிமனை என்று அமைப்பு கட்டப்பட்டது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் சிறிய சந்தாப் பணம் சேர்ந்தது. அந்தச் சில்லறைக் காசுகளே பின்னர் அமைச்சர் நாற்காலிக்கும் கால்களாயின.

1946ஆம் ஆண்டில் கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் ஒரு பிரச்சினை எழுந்தது. அயல் கிராமத்தில் காணியற்றோருக்குக் கொடுப்பதற்காக அரசு அத்தோட்டத்தை எடுத்தது. அங்கே வாழ்ந்து வந்த தொழிலாளர் குடும்பங்களை வெளியேறும்படி சொன்னது. காணியில்லாத சிங்களக் கிராமத்தவருக்குக் காணி கொடுப்பதற்காகக் காணியில்லாத தமிழ்த் தொழிலாளி துரத்தப்பட்டார். காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஏழைக்கு எதிராக ஏழையை நிறுத்தும் இந்தக் காணிப் பங்கீட்டைப் பின்னாளில் நாமும் எத்தனையோ இடங்களில் கண்டிருக்கிறோம்.

வாக்குரிமை பறிபோனது

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தொண்டமான் நுவரெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். தோட்டப் பகுதிகளின் வேறு சில தொகுதிகளிலும் காங்கிரஸ் வேட்பாளர்கள் வென்றனர். இந்த வெற்றியே ஆட்சியாளரை அச்சமடையச் செய்தது எனலாம்.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டில் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்கையும் எடுத்தது. அதே ஆண்டில் வந்த 3ஆம் இலக்கச் சட்டம், இத்தனை வருடம் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததாக நிரூபித்தால் பிரசாவுரிமை தரலாம் என்றது.

இங்கே ஒரு தவறு நேர்ந்தது. அநீதியான சட்டத்தின் கீழ் நாம் ஏன் விண்ணப்பிக்க வேண்டும் என்று காங்கிரஸ் முதலில் பதிவைப் பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறி, 1951 ஆவணியில் முடிவடையவிருந்த காலக்கெடுவுக்குள் அவசர அவசரமாக விண்ணப்பங்களை நிரப்பினர். ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. இறுதியில் பிரசாவுரிமை கிடைத்ததோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. பிறப்புப் பதிவு இல்லை, பெயரில் ஓர் எழுத்து வேறுபடுகிறது, இடையில் இந்தியாவுக்குப் போய்வந்தாய் என்றெல்லாம் சொல்லி விண்ணப்பங்களைத் தள்ளினர். பிரதான குற்றம் சட்டத்தை இயற்றியோருடையது. ஆயினும் கடதாசியும் காலக்கெடுவும் ஏழையின் தலைவிதியை எப்படித் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1952ஆம் ஆண்டில் காங்கிரஸ் நான்கு மாதங்களுக்கு மேலாகச் சத்தியாக்கிரகம் செய்தது. அரசு அசையவில்லை. அந்த ஆண்டு முதல் 1977 வரை, இருபத்தைந்து வருடம், தோட்டத் தொழிலாளரின் வாக்கால் தெரிவான ஒரு பிரதிநிதியேனும் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை. 1960களில் தொண்டமான் அங்கு அமர்ந்ததும் நியமன உறுப்பினராகவே.

வாக்கில்லாதவரின் பலம் எங்கே இருந்தது?

வாக்கில்லை, காணியில்லை, நாடே இல்லை. அப்படியானால் இந்த மக்களை அரசாங்கங்கள் ஏன் முற்றாகத் தள்ளிவிட முடியவில்லை?

பயிர்ச்செய்கை தெரிந்த நமக்கு இதன் விடை எளிதில் விளங்கும். தேயிலை மலையில் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் கொழுந்து முற்றிவிடும். அதிலிருந்து நல்ல தூள் வராது. பறித்த கொழுந்தையும் அன்றே தொழிற்சாலையில் போட வேண்டும். ஆகவே தொழிலாளர் பத்து நாள் பெரட்டுக்களத்துக்கு வராமலிருந்தால் தோட்டம் மட்டுமன்றி நாட்டின் ஏற்றுமதி வருமானமும் ஆட்டம் காணும். வாக்குப் பெட்டிக்குள் போக முடியாத அந்தக் கைகளில் நாட்டின் அந்நியச் செலாவணி இருந்தது.

இந்தப் பலத்தைச் சிதறவிடாமல் வைத்திருந்ததே தொண்டமானின் மிகப் பெரிய பணி. 1950களின் நடுப்பகுதியில் அசீஸ் தலைமையில் ஒரு பகுதியினர் பிரிந்து வேறு சங்கம் அமைத்தபோதும், தொழிலாளர் காங்கிரஸ் தோட்டங்களின் மிகப் பெரிய சங்கமாக நிலைத்தது.

ஆனால் அந்தப் பலத்துக்கும் எல்லை உண்டு. 1964 ஐப்பசி 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று இரு அரசுகளும் முடிவு செய்தன. மீதிப் பேரையும் 1974ஆம் ஆண்டில் சரி பாதியாகப் பங்கிட்டனர். சம்பந்தப்பட்ட மக்களிடம் எவரும் கேட்கவில்லை. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

அடுத்து வந்தது காணிச் சீர்திருத்தம். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. தொழிலாளிக்கு அதில் ஒரு பேர்ச் காணியும் உரித்தாகவில்லை. 1973, 1974 காலப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 வைகாசி 11ஆம் திகதி, தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற டெவன் தோட்டத் தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். காணி வாங்குவதற்கல்ல, வேலை செய்யும் மண்ணைக் காப்பதற்கே ஓர் உயிர் போனது.

நாற்காலியில் அமர்ந்தபின்

1972ஆம் ஆண்டில் தமிழர் கூட்டணியின் மூன்று தலைவர்களில் ஒருவராகத் தொண்டமான் இருந்தார். 1976ஆம் ஆண்டில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது, நாட்டின் நடுவே வாழும் தம் மக்களுக்கு அது பொருந்தாது என்று விலகி நின்றார். 1977 ஆடித் தேர்தலில் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாமவராகத் தெரிவானார். 1978ஆம் ஆண்டில் ஜே. ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார்.

இதனைப் பலர் கண்டித்தனர். அரசே தோட்டங்களின் முதலாளியாக இருக்கும்போது, தொழிலாளர் தலைவர் அந்த அரசில் எப்படி அமரலாம் என்று கேட்டனர். நியாயமான கேள்வியே. நடந்தவற்றைப் பார்ப்போம்.

1984 சித்திரையில் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அமைச்சர் அரசாங்கத்தில், அவருடைய சங்கமோ போராட்டத்தில். அதன் பயனாகச் சம்பளம் உயர்ந்தது. ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம் பெற்று வந்த பெண்ணுக்கு அன்றுதான் சம சம்பளம் கிடைத்தது.

1986ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில் பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது. காலை வேளையில் வேலைக்குப் போகாமல் கோயில்களில் கூடி மன்றாடுவதே போராட்டம். அதை வேலைநிறுத்தம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் கொழுந்து மலையிலேயே நின்றது. சில நாட்களில் அரசு இணங்கியது. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஏறத்தாழ 94,000 நாடற்றவருக்குப் பிரசாவுரிமைக்கு வழி திறந்தது. 1988ஆம் ஆண்டின் சட்டம் அதை மேலும் விரித்தது. எஞ்சியோருக்கான சட்டம், தொண்டமான் இறந்து நான்கு வருடங்களின் பின் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. 1948இல் பறித்ததைத் திருப்பி வாங்க ஐம்பத்தைந்து வருடம் பிடித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சம சம்பளமும் பிரசாவுரிமையும் அமைச்சர் கேட்டதால் மட்டும் வரவில்லை. மக்கள் வேலையை நிறுத்தியதால் மட்டும் வந்ததென்றும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வேளையில் நடந்தன. உள்ளே பேச ஒருவர் இருந்தார். அவர் பேச்சுக்குப் பெறுமதி கொடுக்க வெளியே இலட்சக்கணக்கானோர் நின்றனர்.

நாற்காலியால் முடியாதவை

இப்பொழுது மறுபக்கத்தையும் பார்ப்போம்.

1981இலும் 1983 ஆடியிலும் மலையகத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அப்போதும் தொண்டமான் அமைச்சரே. அவரால் கண்டிக்க முடிந்தது, தடுக்க முடியவில்லை. உயிர் தப்பி வடக்கே வந்தவர்களுக்கு அவருடைய பதவி பாதுகாப்பாகவில்லை.

காணியும் கிடைக்கவில்லை. 1992ஆம் ஆண்டில் அரசு தோட்டங்களின் நிர்வாகத்தைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. 1999 ஐப்பசி 30ஆம் திகதி தொண்டமான் இறந்தபோதும் பெரும்பாலான குடும்பங்கள் உறுதியில்லாத லயன் அறைகளிலேயே வாழ்ந்தன. இருபத்தொரு வருட அமைச்சர் பதவி கூலியை உயர்த்தியது, வாக்கைத் திருப்பித் தந்தது. ஆனால் காலடியிலுள்ள மண்ணைப் பெற்றுத் தரவில்லை.

இன்னுமொன்று. சங்கம் நாளடைவில் ஒருவரையே சுற்றி நின்றது. அவருக்குப் பின் தலைமை அவருடைய பேரன் ஆறுமுகன் தொண்டமானிடம் சென்றது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். சங்கத்தின் மேல்மட்டத்திலோ அவர்கள் மிகச் சிலரே. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது: தலைவர் எவ்வளவு நல்லவராயினும், கணக்குக் கேட்கவும் அடுத்தவரை வளர்க்கவும் மக்கள் மறந்தால், சங்கம் மெல்ல மெல்ல ஒரு வீட்டுச் சொத்தாகிவிடும்.

நமக்கான படிப்பினை

இடம்பெயர்ந்த கமக்காரருக்குத் தோட்டத் தொழிலாளியின் ஆயுதம் கிடையாது. நாம் வேலையை நிறுத்தினால் நட்டம் நமக்கே. நட்ட நெல் நம்முடையது. ஆகவே நமது பலத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

முதலாவது, பெயர்ப்பட்டியல். எத்தனை குடும்பம், எந்தக் கிராமம், எத்தனை ஏக்கர், உறுதிக் காணியா அனுமதிப்பத்திரக் காணியா, எந்த வருடம் வெளியேறினோம் என்பதை நாமே எழுதி வைத்திருக்க வேண்டும். கணக்கில் இல்லாதவரை எந்த அமைச்சரும் காணமாட்டார்.

இரண்டாவது, பத்திரங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்பு, விவாக, மரணப் பதிவுகள், பழைய வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இரண்டு இடங்களில் வைத்திருங்கள். தொலைந்தவற்றின் பிரதியைக் கச்சேரியிலும் காணிப் பதிவகத்திலும் கேட்டுப் பெறுங்கள். அனுமதிப்பத்திரக்காரர் இறந்திருந்தால், பின்னுரித்து யாருக்கு என்பதைப் பிரதேச செயலகத்தில் பதியத் தாமதிக்க வேண்டாம்.

மூன்றாவது, காலக்கெடு. 1951ஐ மறவாதீர்கள். யுத்தத்தால் வெளியேறியவரின் காணியில் வேறொருவர் நெடுங்காலம் இருந்து உரிமை கோருவதற்கு எதிராக, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒரு சலுகை தந்தது. ஆனால் குறித்த காலத்துக்குள் வழக்கிட வேண்டும் என்றும் சொன்னது. எத்தனை பேர் அதை அறிந்திருந்தோம்?

நான்காவது, சந்தா. மாதம் ஒரு சிறு தொகையாயினும் நம் பணம் என்றால் நாம் கணக்குக் கேட்போம். வெளியிலிருந்து வரும் நிவாரணத்தில் நடக்கும் சங்கம் நிவாரணம் நின்றதும் நின்றுவிடும்.

ஐந்தாவது, பதவியிலிருப்பவரைப் பயன்படுத்துவோம். அவரை நம்பிப் படுத்துவிடாதிருப்போம். மனுவோடு ஒருவரை அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பதைவிட, பட்டியலோடு நாற்பது பேர் போவது மேல்.

வேதாகமத்தில் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளைப் பற்றி வாசிக்கிறோம். தகப்பன் வனாந்தரத்தில் இறந்துபோனார், ஆண்மக்கள் இல்லை. அந்தப் பெண்கள் மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக வந்து நின்று, தகப்பனின் பெயரில் தங்களுக்குக் காணி வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் தனியே போகவில்லை, மறைவில் கேட்கவில்லை, மற்றவரை விட்டுக் கேட்பிக்கவுமில்லை. ஐவரும் சேர்ந்து, எல்லாரும் பார்க்க, தகப்பனின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவர்களுக்குக் காணி கிடைத்தது மட்டுமன்றிச் சட்டமும் மாறியது.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது முகாமில் அல்லது கிராமத்தில் காணியிழந்த குடும்பங்களின் முழுமையான பட்டியல் இருக்கிறதா? அது யார் கையில் இருக்கிறது?

2. 1949இல் காங்கிரஸ் பதிவைப் பகிஷ்கரித்தது சரியா? அநீதியான ஒழுங்கின் கீழும் விண்ணப்பிக்க வேண்டிய வேளை எது, மறுக்க வேண்டிய வேளை எது?

3. தோட்டத் தொழிலாளருக்குக் கொழுந்து பலமாக இருந்தது. நமக்குப் பலமாக இருப்பது எது?

4. நமது சங்கத்தின் கணக்கைக் கடைசியாக எப்போது கூட்டத்தில் வாசித்தோம்? தலைவரை மாற்றி எத்தனை வருடம்?

5. கணவனை இழந்த பெண்களின் காணி யார் பெயரில் இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்குமுன் அவர்களில் ஒருவருடனாவது பிரதேச செயலகத்துக்குப் போய்வர யார் முன்வருவீர்கள்?